“தூங்க வைத்தல்” என்ற சொல்லும் பேராதனைக்குப் போகும் முறைப்பாடும்

வளர்ப்புப் பிராணியொன்றின் மரணம் ஆசிரியர் பக்கத்தில் பேசப்பட வேண்டிய விடயமா என வாசகர்கள் சிலர் வினவக்கூடும். காணிப் பிரச்சினை, தோட்டத் தொழிலாளரின் சம்பளம், விலைவாசி என எழுத வேண்டியவை மலைபோல் குவிந்து கிடக்கும் ஒரு நாட்டில் பூனைக்கும் நாய்க்கும் இடமொதுக்குவதா என்ற அந்த வினாவில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆயினும் கண்டி மாவட்டத்து வாசகர் ஒருவர் அண்மையில் எம்மை நேரில் சந்தித்துக் கூறிய விடயம், பிராணியைப் பற்றியது மட்டுமல்ல, கையொப்பத்தைப் பற்றியதும் மொழியைப் பற்றியதும் முறையிடும் உரிமையைப் பற்றியதுமாகும் என நாம் கருதுவதால் இதனை எழுதத் துணிந்தோம்.

அந்த வாசகர் ஒரு சிறு வர்த்தகர். அவரது வீட்டில் ஒன்பது வருடங்களாக வளர்ந்த பூனை உண்ணாமல், சிறுநீர் கழிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தபோது தனியார் மிருக வைத்திய நிலையமொன்றுக்குக் கொண்டு சென்றிருக்கிறார். அங்கே பரிசோதனைக்குப் பின்னர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசிய ஒருவர், “தூங்க வைக்க வேண்டும்” என்ற கருத்தில் ஏதோ கூறி, ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட தாளொன்றை நீட்டியுள்ளார். கதிர்ப்படம் எடுப்பதற்காகவோ குழாய் செலுத்துவதற்காகவோ மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்று எண்ணி நமது வாசகர் கையொப்பமிட்டுவிட்டார். அரை மணித்தியாலத்தின் பின்னர் அவரிடம் கையளிக்கப்பட்டது ஒரு அட்டைப் பெட்டி. வீட்டுக்குச் சென்றபோது பத்து வயது மகள் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது அவரது குரல் தளர்ந்தது: “வாப்பா, நீங்கதானே கையெழுத்து வெச்சீங்க?”

வைத்தியரின் பக்கத்தை நாம் கேட்கவில்லை. ஆகையால் யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வதும் எமது வேலையல்ல. சிறுநீர்ப் பாதை முழுமையாக அடைபட்ட ஆண் பூனையொன்று மிகக் கொடிய வேதனையை அனுபவிக்கும் என்பதும், ஓரிரு நாட்களுக்குள் இறந்துவிடக்கூடும் என்பதும் வைத்தியர்கள் அறிந்த உண்மை. அந்தப் பூனைக்குக் கருணைக்கொலையே உகந்த முடிவாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் முடிவு சரியா என்பது ஒரு கேள்வி; அம்முடிவை எடுத்தவர் தாம் என்ன முடிவு எடுக்கிறோம் என்பதை அறிந்திருந்தாரா என்பது வேறொரு கேள்வி. ஆங்கிலேயர் நாசூக்குக்காக வழங்கிய ஒரு சொல் சிங்களத்திலும் தமிழிலும் அப்படியே புகுந்துகொண்டதன் விளைவை இங்கே காண்கிறோம். சத்திரசிகிச்சைக்கு முன்னர் கொடுக்கும் மயக்கமும் தூக்கம். இறுதி ஊசியும் தூக்கம். சாவைச் சாவு என்று சொல்லக் கூசுகின்ற நாக்கு, சில வேளைகளில் பெரும் அநியாயத்துக்கு வழிவகுத்து விடுகிறது.

நமது வாசகர் எம்மிடம் கேட்டது நட்டஈடு அல்ல. “இதை நான் எங்கே போய்ச் சொல்வது? தமிழில் எழுதலாமா?” என்பதே அவரது கேள்வியாக இருந்தது. பொலிஸ் நிலையத்துக்குப் போவதா, நகரசபைக்குப் போவதா, திணைக்களத்துக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. கண்டியிலிருந்து பேராதனைக்குப் பஸ்ஸில் போகும்போது நாள்தோறும் கெட்டம்பேயைக் கடந்துசெல்லும் அவருக்கு, தாம் தேடும் கதவு அந்த வீதியோரத்திலேயே இருக்கிறது என்பது தெரிந்திருக்கவில்லை.

இலங்கையில் மிருக வைத்தியத் துறையின் தலைநகரம் கொழும்பு அல்ல, பேராதனையே ஆகும். மிருக வைத்தியப் பட்டப்படிப்புக்கு நீண்டகாலமாக நாட்டின் ஒரே இடமாக விளங்கிவரும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே அமைந்துள்ளது. அதனுடன் இணைந்த போதனா மிருக வைத்தியசாலையும் அங்கேதான். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயிலும் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையிலும் உள்ளன. 1956 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க மிருக வைத்தியர்கள் சட்டத்தின் கீழ் அமைந்த மிருக வைத்திய சபையின் முகவரியும் பேராதனையே. யார் மிருக வைத்தியராகத் தொழில் புரியலாம் என்பதைப் பதிவேட்டின் மூலம் தீர்மானிப்பதும், தொழில்சார் ஒழுக்கம் மீறப்பட்டதாக முறைப்பாடு வந்தால் விசாரிப்பதும் அச்சபையின் கடமை.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துவது அவசியம். இத்தகைய சபைகள் நீதிமன்றங்கள் அல்ல. பிராணியை இழந்தவருக்கு நட்டஈடு பெற்றுக் கொடுப்பதோ, சிகிச்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்வதோ, சாதாரணத் தவறொன்றுக்குத் தண்டனை வழங்குவதோ அவற்றின் பணியல்ல. இந்த நபர் தொடர்ந்தும் பதிவேட்டில் இருக்கத் தகுதியுடையவரா என்ற ஒரே கேள்வியைத்தான் அவை கேட்கின்றன. பிரித்தானியாவின் அரச மிருக வைத்தியர் கல்லூரியும் இதே அடிப்படையில்தான் இயங்குகின்றது. அங்கு வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை கடுமையான தொழில்சார் துர்நடத்தை என்ற எல்லைக்கோட்டைத் தொடாமல் ஆரம்பக் கட்டத்திலேயே முடிவடைந்து விடுகின்றன. துக்கத்தோடு வந்தவர் கையில் ஒரு கடிதத்தோடு திரும்புகிறார். அந்த இடைவெளியை உணர்ந்தே, முறைப்பாட்டாளரையும் வைத்தியரையும் பேச வைக்கும் சுயாதீனமான மத்தியஸ்த சேவையொன்றை 2016 இல் பரீட்சார்த்தமாக அங்கு தொடங்கி, பின்னர் நிரந்தரமாக்கினார்கள். மத்தியஸ்த சபைகள் நாடெங்கும் இயங்கும் நம் நாட்டில் இது ஒன்றும் கேட்டறியாத விடயமல்ல.

கருணைக்கொலை தொடர்பான முறைப்பாடு ஒரு தொழிலின் விதியையே மாற்றியமைத்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2017 டிசம்பரில் இங்கிலாந்தில் டக் என்ற பதினாறு மாத நாயொன்று கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன் உடலில் பொருத்தப்பட்டிருந்த மைக்ரோசிப்பில், அதனை மீட்டு வளர்க்கக் கொடுத்த அமைப்பின் விபரமும் இருந்தது. யாராவது அதனை வாசித்திருந்தால் அந்த நாயைப் பொறுப்பேற்க ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்ட மனுவொன்று பாராளுமன்றத்துக்குச் சென்றது. 2021 இல் அங்கு விவாதமும் நடைபெற்றது. அதே ஆண்டில் அரச மிருக வைத்தியர் கல்லூரி தனது ஒழுக்கக் கோவையைத் திருத்தியது. உயிரைப் போக்குவதற்கு மருத்துவ ரீதியான அவசியம் இல்லை என வைத்தியர் கருதும் நாயைக் கருணைக்கொலை செய்யுமாறு கேட்கப்பட்டால், முதலில் மைக்ரோசிப்பைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அத்திருத்தம். சட்டம் இயற்றப்படவில்லை, ஒரு விதி மாத்திரமே மாறியது. ஆனால் அந்த விதி, கொண்டுவந்தவர்தான் உரிமையாளரா என்ற கேள்வியை வைத்தியரின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2014 இல் வெளியான சம்பவம் இதற்கு நேர்மாறானது. கேட்பவரைத் திகைக்க வைப்பது. ஃபோர்ட் வேர்த் நகரில் லியொன்பேர்கர் இன நாயொன்றைச் சிகிச்சைக்குக் கொண்டுசென்ற குடும்பத்தினரிடம், அதன் முதுகெலும்பில் குணப்படுத்த முடியாத குறைபாடு இருப்பதாகக் கூறப்பட்டது. அவர்கள் கருணைக்கொலைக்குச் சம்மதித்து, விடைபெற்று, அழுதபடி வீடு திரும்பினார்கள். சுமார் ஆறு மாதங்களின் பின்னர் அந்நிலையத்தில் பணியாற்றிய ஒருவர் தொடர்புகொண்டு, நாய் உயிரோடுதான் இருக்கிறது, கூண்டில் அடைத்துவைத்து அதன் இரத்தத்தை வேறு பிராணிகளுக்கு ஏற்றப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிவித்தார். குடும்பத்தினர் சென்று நாயை மீட்டார்கள். மாநில மிருக வைத்தியச் சபைக்கு முறைப்பாடு சென்றது. வைத்தியர் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் சபை அவரது அனுமதிப்பத்திரத்தை உடனடியாகத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. பின்னர் ஐந்து வருட கண்காணிப்பின் கீழ் அவரை வைத்தது. அந்தக் குடும்பம் இறுதி ஊசியின்போது அருகில் நின்றிருந்தால் இது நடந்திருக்குமா? உரிமையாளர் விரும்பினால் கடைசி நிமிடத்தில் உடனிருக்கலாம் என்பது வெறும் உணர்ச்சிக்கான சலுகை அல்ல என்பதையே இச்சம்பவம் காட்டுகிறது.

உடனிருப்பவருக்கு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியதும் அவ்வளவு முக்கியம். முறையாகச் செய்யப்படும் கருணைக்கொலையில், முதலில் பிராணியை அமைதிப்படுத்தும் மருந்து கொடுக்கப்படுவது நல்ல வழக்கம். பின்னர் பென்டோபார்பிட்டோன் போன்ற மயக்க மருந்து மிகையளவில் நரம்பினூடாகச் செலுத்தப்படுகிறது. சில விநாடிகளில் நினைவு தப்பும். அதன் பின்னரே சுவாசமும் இதயமும் நிற்கும். ஆனால் உயிர் பிரிந்த பின்னரும் சில வேளை உடல் ஒரு முறை பெருமூச்சு விடுவது போல் அசையும். தசை துடிக்கும். சிறுநீர் வெளியேறும். கண்கள் மூடாது. இதனை யாரும் விளக்கிச் சொல்லாவிட்டால், தமது பிராணி துடித்துத் துடித்துச் செத்தது என்றே வீட்டார் எண்ணுவர். முறைப்பாடாக மாறும் துயரங்களில் ஒரு பங்கு இந்த அறியாமையிலிருந்தே பிறக்கிறது என்பது எமது அபிப்பிராயம். நோயுற்ற பிராணியின் இரத்த அழுத்தம் வீழ்ந்திருந்தால் நரம்பைக் கண்டுபிடிப்பது கடினமாகி, இரண்டாவது மூன்றாவது தடவை ஊசி குத்த வேண்டி வருவதும் உண்டு. அது கவனயீனமாக இருக்க வேண்டியதில்லை. மறுபுறத்தில், மயக்கமடையாத பிராணிக்கு இதயத்தை நிறுத்தும் இரசாயனத்தை நேரடியாக ஏற்றுவது எந்த நாட்டின் தொழில்சார் வழிகாட்டியும் ஏற்காத கொடூரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிகிச்சைக் குறிப்பேட்டில்தான் இருக்கும். எந்த மருந்து, எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு, இதயத்துடிப்பு நின்றதை ஸ்டெதஸ்கோப் வைத்து உறுதிசெய்தவர் யார் என்பன எழுதப்பட்டிருந்தால் நல்ல வைத்தியரைக் காப்பாற்றுவதும் அந்தத் தாள்தான்.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. மேலைநாடுகளில் முறைப்பாடுகள் பெரும்பாலும் கொன்றதைப் பற்றியவை. இங்கோ கொல்ல மறுப்பதைப் பற்றிய மனக்குறையையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். உயிர்க்கொலையைத் தவிர்க்கும் பௌத்த ஒழுக்கத்தில் வளர்ந்த வைத்தியர் ஒருவர், முதுகு முறிந்து புழுப்பிடித்த நாய்க்குக்கூட இறுதி ஊசி போடத் தயங்குவார். கொல்லாமையைப் பெரிதாகப் போற்றும் சைவக் குடும்பமொன்று, வைத்தியர் சொன்னாலும் சம்மதிக்க மறுப்பதுண்டு. முஸ்லிம்களிடையே, குணமாகாத வேதனையில் உள்ள பிராணியின் உயிரைப் போக்கலாமா என்பதில் உலமாக்களிடம் ஒரே கருத்து இல்லை. ஆனால் பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டவளுக்கு நேர்ந்த கதியையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த சமூகம் அது; அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணியை வதைக்காமல் அறுக்குமாறு கட்டளை பெற்ற சமூகம். இவ்வளவு நுட்பமான வேறுபாடுகள் உள்ள ஒரு நாட்டில், “சரி, சைன் பண்ணுங்க” என்ற ஒரு வார்த்தையோடு விடயத்தை முடிப்பது எவ்வளவு பொருத்தமற்றது!

2025 ஜூலையில், காயமடைந்து எழுந்து நிற்க முடியாமல் பலநாள் போராடி இறந்த ‘பாத்திய’ யானையின் படங்களைப் பார்த்து நாடே கண்ணீர் வடித்தது. காப்பாற்ற முயன்றவர்களின் உழைப்பை எவரும் குறை கூற முடியாது. ஆனால் எப்போது சிகிச்சை நின்று எப்போது கருணை தொடங்க வேண்டும் என்ற கேள்வியை வெளிப்படையாகப் பேச நாம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

சட்டத்தைப் பார்த்தால் நிலைமை மேலும் விசனத்துக்குரியது. மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் விதிக்கப்பட்ட ஆகக்கூடிய தண்டப்பணம் நூறு ரூபா. சட்ட ஆணைக்குழு 2006 இல் தயாரித்த மிருக நலன்புரி சட்ட வரைவுக்கு அமைச்சரவை அங்கீகாரம் கிடைப்பதற்கே 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிவில் வழக்கு என்றாலோ, சட்டத்தின் பார்வையில் பிராணி என்பது உரிமையாளரின் உடைமை; தெருவில் கண்டெடுத்து வளர்த்த பூனையின் சந்தைப் பெறுமதி என்னவென்று யார் சொல்வது? மனித உயிர் விடயத்திலேயே வழி எளிதாக இருக்கவில்லை. பிரபல சிறுவர் நோய் வைத்தியப் பேராசிரியர் ஒருவருக்கு எதிரான வழக்கில், மாவட்ட நீதிமன்றம் குழந்தையின் பெற்றோர் பக்கம் ஐம்பது இலட்சம் ரூபா வழங்குமாறு தீர்த்தபோதும், உயர் நீதிமன்றம் கவனயீனத்துக்கும் மரணத்துக்கும் உள்ள காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி அதனைத் தள்ளுபடி செய்தமை சட்ட மாணவர்கள் யாவரும் அறிந்ததே. ஆகவே, பிராணியை இழந்த சாதாரண மனிதனுக்கு எஞ்சியிருக்கும் நடைமுறை வாசல் தொழில்சார் சபை ஒன்றுதான்.

அந்த வாசல் எந்த மொழியில் திறக்கிறது என்பதே எமது அடுத்த கேள்வி. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். சட்டத்தால் அமைக்கப்பட்ட ஒரு சபைக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் மத்திய மாகாணத்தில் வாழும் தமிழ் பேசும் ஒருவருக்கு உரிமை உண்டு. நமது வாசகரின் “தமிழில் எழுதலாமா?” என்ற கேள்வி கேட்கப்பட வேண்டியிராத கேள்வி. ஆனால் அவர் கேட்டார். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள். எல்லாளனின் ஆராய்ச்சி மணியைக் கன்றை இழந்த பசு இழுத்ததாக மகாவம்சமே கூறுகிறது. அந்தப் பசு எந்த மொழியில் முறையிட்டது என்று எவரும் கேட்கவில்லை.

தனியார் வைத்திய நிலையங்களை மொழிச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது உண்மையே. ஆயினும் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு வைத்தியரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் சபைக்கு உண்டு. கருணைக்கொலைக்கான சம்மதப் படிவமொன்றை மூன்று மொழிகளிலும் ஒரே மாதிரியாகத் தயாரித்து, பதிவுபெற்ற அனைவரும் அதையே பயன்படுத்த வேண்டும் எனப் பணிப்பதற்குப் பெருந்தொகைப் பணம் தேவையில்லை. அதில் “தூங்க வைத்தல்” என்ற சொல் இருக்கக் கூடாது. “உயிரைப் போக்குதல்” என்றே இருக்க வேண்டும். வேறு சிகிச்சை உண்டா, அதற்கு என்ன செலவாகும், உரிமையாளர் உடனிருக்க விரும்புகிறாரா, உடலை வீட்டுக்குக் கொண்டு செல்கிறாரா என்ற நான்கு கேள்விகள் அதில் போதும். பேராதனைப் பீடத்தில் தமிழ், முஸ்லிம் மாணவர்களும் பயின்று வெளியேறுகின்றார்கள். மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லை என்ற காரணம் இங்கே எடுபடாது.

வைத்தியர்களுக்கும் நாம் நியாயம் செய்ய வேண்டும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்தின்றி அவர்கள் பட்ட அவதியை அறிவோம். அரச மிருக வைத்திய அதிகாரி ஒருவர் காலையில் மாட்டுப் பண்ணையில் நின்று, மாலையில் சொந்த நிலையத்தில் நாய் பூனைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விசர் நாய்க்கடி என்ற பயங்கரமும் அவர்கள் முன்னே எப்போதும் உண்டு. 1973 இல் மாத்திரம் இந்நோயால் 377 பேரைப் பறிகொடுத்த நாடு இது. ஆட்களைக் கடித்த, நோய் சந்தேகிக்கப்படும் பிராணி விடயத்தில் வீட்டாரின் விருப்பத்தை மட்டும் பார்த்து வைத்தியர் நடக்க முடியாது. உயிரைக் காப்பதற்கென்று படித்தவர்கள் வாரந்தோறும் உயிரைப் போக்கவும் வேண்டியிருப்பதன் பாரம் சிறியதல்ல. மிருக வைத்தியர்களிடையே தற்கொலை வீதம் பொதுமக்களிடையே உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம் எனப் பிரித்தானிய ஆய்வுகள் பல வருடங்களாகவே எச்சரித்து வருகின்றன. முகநூலில் பெயரைப் போட்டு ஏசுவது முறைப்பாடு ஆகாது. அது வேறொரு கொடுமை. முறையான வாசல் இருப்பதும், அது எங்கே இருக்கிறது என்று மக்களுக்குத் தெரிந்திருப்பதும் வைத்தியருக்கும் பாதுகாப்பே.

சபைக்கு ஒரு வருடத்தில் எத்தனை முறைப்பாடுகள் வருகின்றன, அவற்றில் எத்தனை கருணைக்கொலை பற்றியவை, எத்தனை விசாரணை வரை சென்றன என்பவை பெயர் குறிப்பிடாமல் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். வெளியிடப்படாவிட்டாலும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை; ஒரு தாளும் முத்திரையும் போதும்.

நமது வாசகருக்கு நாம் கூறியதும் அதுபோன்ற சில சில்லறை விடயங்களையே. முதலில் நிலையத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்கும்படியும், சிகிச்சைக் குறிப்பின் பிரதியையும் தாம் கையொப்பமிட்ட தாளின் பிரதியையும் கேட்டுப் பெறும்படியும் கூறினோம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தவும், அன்று நடந்ததை மறந்துபோகு முன்னர் மணி நேரத்தோடு எழுதிவைக்கவும் சொன்னோம். கோபத்தில் எழுதும் முதற் கடிதத்தை அனுப்ப வேண்டாம், இரண்டாவது கடிதத்தை அனுப்புங்கள் என்றோம். அவர் தமது சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து எம்மிடம் நீட்டினார். அது அவர் எழுதியதல்ல. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில், பூனையின் பெயரைத் தலைப்பாக இட்டு மகள் எழுதியது. இதையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்புங்கள் என்றோம்.